ஏஐ உதவியாளருக்கு எம்சிபி சர்வர் மாட்டுவது: எங்கள் ஆபீசில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஆறு பேர் உட்காருகிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. மண்டி, அரிசி ஆலை, உரக்கடை மாதிரி இடங்களுக்கு பில்லிங், ஸ்டாக், கடன் பாக்கி பார்க்கிற மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். முன்பெல்லாம் ஏஐயிடம் கோட் கேட்போம், வருவதை எடுத்து ஒட்டுவோம், அவ்வளவுதான். இப்போது அதற்கு டேட்டாபேஸ், பிரவுசர், கிட்ஹப் என்று ஒவ்வொன்றாக மாட்டிவிட்டோம். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாலைந்து இடத்தில்தான் சிக்குகிறார்கள், "அண்ணே, சர்வர் சிவப்பாவே இருக்கு" என்று ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது கேட்டுவிடுகிறது. அதனால் மொத்தத்தையும் எழுதி வைத்துவிட்டேன். கட்டளைகளை உச்சரிப்பாகவே எழுதியிருக்கிறேன். போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் இப்படித்தானே.

எம்சிபி சர்வர் என்றால் என்ன? மாதவாடகைக்கு எங்கேயாவது சர்வர் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். சர்வர் என்ற பெயர்தான் பயமுறுத்துகிறது. பெரும்பாலும் அது உங்கள் லேப்டாப்பிலேயே ஓடுகிற ஒரு சின்ன புரோகிராம்.

ஒரு மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டார். குடோனில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றால் ஒரு சீட்டில் எழுதிக் கடைப்பையனிடம் கொடுப்பார். பையன் போய்க் குடோன்காரரிடம் சீட்டைக் காட்டி, அவர் எண்ணிச் சொன்னதைக் கொண்டுவந்து சேர்ப்பான். இதில் கணக்கப்பிள்ளைதான் மாடல், அதாவது ஏஐயின் மூளை. மாடலால் எழுத மட்டும்தான் முடியும், எதையும் தொட முடியாது. கடைப்பையன் என்பது நீங்கள் பயன்படுத்துகிற உதவியாளர் புரோகிராம், அதாவது கிளாட் கோட், கர்சர், விஎஸ் கோட் மாதிரி ஒன்று. குடோன்காரர்தான் எம்சிபி சர்வர். சீட்டு எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்துக்குப் பெயர் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி. சீட்டின் வடிவம் ஜேசன் ஆர்பிசி. (ஜேசன் என்பது தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதுகிற ஒரு முறை.)

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் இதை வெளியிட்டது. 2025 மார்ச்சில் ஓபன்ஏஐயும் ஏற்றுக்கொண்டது, 2025 டிசம்பரில் இது லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடைக்குக் கீழே போய்விட்டது. ஆகவே ஒரு தடவை சர்வர் எழுதிவிட்டால், நாளைக்கு உதவியாளரை மாற்றினாலும் அதே சர்வர் வேலைக்கு ஆகும். நாங்கள் இதில் இறங்கியதே அதற்காகத்தான்.

டூல், ரிசோர்ஸ், பிராம்ப்ட் என்று மூன்று சொல்கிறார்களே?

சர்வர் இந்த மூன்றையும் தரலாம். டூல் என்பது மாடல் கூப்பிடுகிற வேலை, ரிசோர்ஸ் என்பது படிக்கக் கொடுக்கிற தகவல், பிராம்ப்ட் என்பது தயாராக எழுதிவைத்த கேள்வி. நடைமுறையில் நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் டூல்தான் பேச்சு. மற்ற இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஸ்டிடிஐஓ, எச்டிடிபி இரண்டில் எதைப் போடுவது?

புரோகிராம் உங்கள் மெஷினிலேயே ஓட வேண்டும் என்றால் ஸ்டிடிஐஓ. உதவியாளரே அதைக் கிளப்பும், அதன் வாயில் சீட்டைப் போடும், அதன் வாயிலிருந்தே பதிலை வாங்கும். வேறு யாரோ இணையத்தில் நடத்துகிற சர்வர் என்றால் எச்டிடிபி; முகவரியை மட்டும் கொடுத்தால் போதும். பெரும்பாலும் பிரவுசரைத் திறந்து லாகின் பண்ணச் சொல்லும். கிளாட் கோட் என்றால் உள்ளே சாய்கோடு எம்சிபி என்று அடித்தால் அந்த லாகின் வரும், எந்தச் சர்வர் உயிரோடு இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும்.

பழைய வழிகாட்டிகளில் எஸ்எஸ்இ என்று ஒரு மூன்றாவது வகை இருக்கும். 2025 மார்ச்சில் வந்த பதிப்பிலேயே அதற்குப் பதிலாக ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி வந்துவிட்டது. புதிதாக மாட்டும்போது எஸ்எஸ்இயைத் தொடாதீர்கள்.

எந்த ஃபைலில் எழுத வேண்டும்?

உதவியாளருக்கு ஒரு இடம், இதுதான் முதல் தலைவலி. கிளாட் கோடுக்கு புராஜெக்ட் ஃபோல்டரின் மேல்மட்டத்தில் புள்ளியில் தொடங்குகிற எம்சிபி புள்ளி ஜேசன். கர்சருக்கு புள்ளி கர்சர் என்ற ஃபோல்டருக்குள் எம்சிபி புள்ளி ஜேசன். விஎஸ் கோடுக்கு புள்ளி விஎஸ்கோட் ஃபோல்டருக்குள் அதே பெயர். ஓபன்ஏஐயின் கோடெக்ஸ் என்றால் ஜேசனே கிடையாது, டாம்ல் ஃபைல்.

இதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. முதல் இரண்டிலும் சர்வர் பட்டியலின் தலைப்பு "எம்சிபிசர்வர்ஸ்" (சர்வர்ஸின் முதல் எழுத்து மட்டும் கேப்பிடல்). விஎஸ் கோடில் வெறும் "சர்வர்ஸ்". ஒன்றிலிருந்து காப்பி அடித்து இன்னொன்றில் போட்டால் ஃபைல் அச்சு அசலாகச் சரியாக இருப்பது போலவே தெரியும், சர்வர் மட்டும் வராது. எங்கள் ஆபீசில் ஒரு பிள்ளை இதற்கு ஒரு முழு மதியத்தைக் கொடுத்திருக்கிறாள்.

கிளாட் கோடில் கையால் எழுதப் பிடிக்காவிட்டால் "கிளாட் எம்சிபி ஆட்" என்ற கட்டளை இருக்கிறது. அதில் மூன்று எல்லை: ஒன்றும் சொல்லாவிட்டால் லோக்கல், அதாவது இந்த புராஜெக்டில் உங்களுக்கு மட்டும். புராஜெக்ட் என்றால் குழுவில் எல்லாருக்கும், ஃபைல் கிட்டில் (குழுவின் கோட் மாற்றங்களைச் சேமிக்கிற இடம்) ஏறும். யூசர் என்றால் உங்களுடைய எல்லா புராஜெக்டுக்கும். "நான் நேற்று மாட்டினேனே, இன்றைக்குக் காணோம்" என்று வருகிறவர்கள் பெரும்பாலும் லோக்கலில் மாட்டிவிட்டு வேறு ஃபோல்டரில் நின்று தேடுகிறார்கள்.

எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், ஆனாலும் சர்வர் எழும்பவே இல்லை. ஏன்?

ஏஐயைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் பண்ணுங்கள். ஜேசனில் என்ன கட்டளை எழுதியிருக்கிறீர்களோ, அதே கட்டளையை, அதே வாதங்களோடு, டெர்மினலில் கையால் அடியுங்கள். பத்தில் எட்டுப் பிழை அந்த இடத்திலேயே முகத்தைக் காட்டிவிடும்.

அடித்ததும் ஒன்றுமே வராமல், அல்லது ஒரே ஒரு வரி வந்துவிட்டு, திரையில் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றால் பயப்பட வேண்டாம். அதுதான் நல்ல செய்தி: சர்வர் எழும்பிவிட்டது, சீட்டுக்காகக் காத்திருக்கிறது. கன்ட்ரோல் சி அடித்து வெளியே வாருங்கள். மாறாக உடனே செத்து விழுந்தால், செத்ததற்கான காரணமும் அங்கேயே எழுதியிருக்கும். நோட் (பல சர்வர்கள் இதன் மேல்தான் ஓடுகின்றன) பதிப்பு பழசு, பேக்கேஜ் பெயரில் ஒரு எழுத்து தப்பு, டேட்டாபேஸ் முகவரி கொடுக்கவில்லை, இப்படி ஏதாவது.

டெர்மினலில் ஓடுகிறது, உதவியாளரில் மட்டும் ஓடவில்லை என்றால் அநேகமாக பாத் பிரச்சினை. டெர்மினல் திறக்கும்போது உங்கள் ஷெல் ஃபைலைப் படித்து நோட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. மேக்கில் ஐகானைத் தட்டித் திறக்கிற ஆப் அந்த ஃபைலைப் படிக்காமலே எழும்பலாம், குறிப்பாக என்விஎம் (நோட் பதிப்புகளை மாற்றுகிற கருவி) வைத்து நோட் போட்டிருந்தால். "ஈநோஎன்ட்" என்று பிழை வந்தால் அதன் அர்த்தம், அந்தப் பெயரில் ஒரு புரோகிராமை என் கண்ணுக்குக் காணவில்லை என்பதுதான். "விச் என்பிஎக்ஸ்" (என்பிஎக்ஸ் என்பது நோட் பேக்கேஜை இறக்கி ஓட்டுகிற கட்டளை) என்று அடித்து வருகிற முழுப் பாதையை ஜேசனில் போடுங்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு இன்னும் இரண்டு. என்பிஎக்ஸ் நேரடியாக எழும்பாவிட்டால் கட்டளை "சிஎம்டி", முதல் வாதம் "சாய்கோடு சி", அப்புறம்தான் என்பிஎக்ஸ் என்று மாற்றுங்கள். பாதையில் வருகிற பின்சாய்கோட்டை ஜேசனுக்குள் இரண்டு தடவை போட வேண்டும், ஒன்று போட்டால் பாதை மாறிவிடும், இல்லை ஃபைலே பிழை என்று விழும்.

என்பிஎக்ஸுக்குப் பின்னால் "சின்னக் கோடு ஒய்" போட்டீர்களா என்றும் பாருங்கள். போடாவிட்டால் முதல் தடவை "இந்தப் பேக்கேஜை இறக்கவா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கலாம், பதில் சொல்ல அங்கே ஆள் கிடையாது.

அப்புறம், வேர்டு ஃபைலில் சேமித்து வைத்த ஜேசனை எடுத்து ஒட்டாதீர்கள். நேரான மேற்கோள் குறிகளை அது வளைத்துவிடும். கடைசி வரிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி மிச்சம் இருந்தாலும் சில உதவியாளர்கள் மொத்த ஃபைலையே தள்ளிவிடும்.

நானே பைதானில் ஒரு சர்வர் எழுதினேன். எழும்புகிறது, டூலைக் கூப்பிட்டதும் கோளாறு ஆகிறது.

உள்ளே எங்கேயாவது பிரின்ட் போட்டிருக்கிறீர்களா?

ஸ்டிடிஐஓவில் சர்வரின் வாய் ஒன்றுதான். அதில் வருகிற ஒவ்வொரு வரியும் ஜேசன் சீட்டாக இருக்க வேண்டும். எங்கள் ஆபீசில் ஒரு தம்பி, டூலின் முதல் வரியில் பிழை பார்ப்பதற்காக "ஸ்டாக் பார்க்கிறேன்" என்று பிரின்ட் போட்டிருந்தான். கடைப்பையன் சீட்டை எதிர்பார்த்துக் கை நீட்டினால், குடோன்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேச ஆரம்பித்தது மாதிரி. சில உதவியாளர்கள் அந்த வரியைத் தள்ளிவிட்டு மேலே போகும், சில மொத்தத் தொடர்பையும் அறுத்துவிடும். லாக் எழுத ஸ்டிடிஎரர் என்ற தனி வழி இருக்கிறது. பிரின்டை அங்கே திருப்பிவிடுங்கள், இல்லை லாகிங் மாடியூலைப் பயன்படுத்துங்கள். நீங்கள் போடாவிட்டாலும் நீங்கள் கூப்பிடுகிற லைப்ரரி போட்டிருக்கலாம், அதையும் பாருங்கள்.

உதவியாளரோடு மல்லுக்கட்டாமல் சர்வரைத் தனியாகச் சோதிக்க எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற கருவி இருக்கிறது, பிரவுசரில் திறக்கும். டூலை பட்டன் தட்டிக் கூப்பிட்டு, என்ன போகிறது என்ன வருகிறது என்று பார்க்கலாம்.

பாஸ்வேர்டை ஜேசனிலேயே எழுதலாமா?

கிட்டில் ஏறுகிற ஃபைலில் கூடாது. கிளாட் கோடின் எம்சிபி ஃபைலில் டாலர் குறியும் நெளி அடைப்பும் போட்டு அதற்குள் என்விரான்மென்ட் மாறியின் பெயரை எழுதினால், மதிப்பை உங்கள் மெஷினிலிருந்து எடுத்துக்கொள்ளும். விஎஸ் கோட் முதல் தடவை கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிற மாதிரி அமைக்கலாம். ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால் வரியை அழித்தால் மட்டும் பத்தாது, பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அது அப்படியே கிடக்கும். அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள், இன்றைக்கே.

வாடிக்கையாளரின் டேட்டாபேஸை மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் எங்களுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

நயினார்குளம் மார்க்கெட் பக்கம் ஒரு மண்டிக்கு வேலை செய்தோம். சோதனை டேட்டாபேஸின் பெயரும் அசலின் பெயரும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், அந்த அழகான யோசனை என்னுடையது. ஜேசனில் அசலின் முகவரி ஏறியிருந்தது, எழுதவும் அழிக்கவும் உரிமை உள்ள சாவியோடு. ஒரு பையன் ஏஐயிடம், "பார்ட்டி பட்டியலில் டூப்ளிகேட் இருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிடு" என்றான். நம்ம ஊர்க் கணக்குப் புத்தகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இசக்கிமுத்து மட்டும் ஒன்பது பேர், சுடலைமுத்து ஆறு பேர், பேச்சியம்மாள் நாலு. போன் நம்பர் பாதிப் பேருக்கு இல்லை. ஏஐ ஒன்பது இசக்கிமுத்துவையும் ஒரே ஆளாக்கி, ஒன்பது பேரின் பாக்கியையும் அந்த ஒருத்தர் தலையில் கட்டிவிட்டது. மறுநாள் காலை நாலரை மணிக்கு மண்டியிலிருந்து போன். முந்தைய இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். அப்படியும் நடுவில் விழுந்த பில்களைக் கையால் ஏற்ற மதியம் ஆகிவிட்டது.

ஏஐ சொன்னதைத்தான் செய்தது. குடோன் சாவிக்கொத்தையே கொடுத்து அனுப்பியது நாங்கள்.

அதன் பிறகு எங்கள் நடைமுறை இது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஏஐக்கென்று தனி யூசர், அதற்கு செலக்ட் (படிக்கிற) உரிமை மட்டும், அதுவும் தேவைப்பட்ட டேபிள்களில் மட்டும். ஒரு கேள்வி இத்தனை வினாடிக்கு மேல் ஓடக்கூடாது என்று ஸ்டேட்மென்ட் டைம்அவுட். சர்வரின் விளக்கத்தில் "படிக்க மட்டும்" என்று போட்டிருக்கிறதே என்று அதை நம்பி இருந்துவிடாதீர்கள். மாதிரிக்காக முதலில் வெளிவந்த போஸ்ட்கிரஸ் எம்சிபி சர்வரும் படிக்க மட்டும் என்றுதான் சொன்னது. கேள்விக்கு நடுவில் ஒரு கமிட் கட்டளையை (டேட்டாபேஸில் பரிவர்த்தனையை முடிக்கிறது) சொருகினால் அந்தப் பூட்டு கழன்றுவிடும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள், அந்தச் சர்வர் இப்போது கைவிடப்பட்டுவிட்டது. பூட்டு டேட்டாபேஸிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று, டூல் கொண்டுவருகிற ஒவ்வொரு வரியும் மாடல் இருக்கிற கம்பெனியின் மெஷினுக்குப் போகிறது. வாடிக்கையாளரின் போன் நம்பரும் ஆதார் எண்ணும் அங்கே போக வேண்டிய அவசியம் என்ன? அந்த நெடுவரிசைகள் இல்லாத வியூ (டேபிளின் ஒரு பகுதியை மட்டும் காட்டுகிற பார்வை) ஒன்றைச் செய்து அதற்கு மட்டும் உரிமை கொடுங்கள்.

எத்தனை சர்வர் மாட்டலாம்?

என் கணக்கு மூன்று. மாட்டி வைத்த ஒவ்வொரு டூலின் பெயரும் விளக்கமும், நீங்கள் அதைப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், மாடலின் மேசையில் இடம் பிடிக்கும். (தேவைப்படும்போது மட்டும் தேடி எடுக்கிற வசதி சில உதவியாளர்களில் வந்திருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை.) விஎஸ் கோடில் ஒரு கேள்விக்கு 128 டூல் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு மாட்டினால் எந்த டூலைக் கூப்பிடுவது என்று மாடலே குழம்பும்.

பதிலின் நீளமும் முக்கியம். கிளாட் கோடில் ஒரு டூலின் பதில் 10,000 டோக்கனை (மாடல் எழுத்தை எண்ணுகிற துண்டு) தாண்டினால் எச்சரிக்கும், வரம்பு இயல்பாக 25,000. தமிழ் எழுத்து ஆங்கிலத்தை விட அதிக டோக்கன் பிடிக்கும். சரக்குப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் தமிழில் இருக்கிற எங்கள் ஸ்டாக் டேபிளை முழுசாகக் கேட்டால் இந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடுகிறது. வரம்பை ஏற்றுவதை விட, டூலிலேயே ஐம்பது வரி போதும் என்று வெட்டுவது நல்லது.

கிட்டுக்குத் தனியாக எம்சிபி சர்வர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். டெர்மினலில் கட்டளை அடிக்கத் தெரிந்த உதவியாளருக்கு அது எதற்கு? வீட்டு வாசலில் தாமிரபரணி ஓடும்போது கேன் தண்ணீர் வாங்குகிற கதை.

இணையத்தில் யாரோ எழுதிய சர்வரை நம்பி மாட்டலாமா?

எம்சிபி சர்வர் என்பது உங்கள் மெஷினில், உங்கள் உரிமையோடு ஓடுகிற புரோகிராம். தெரியாத ஆள் அனுப்பிய எக்ஸ்இ ஃபைலைத் திறப்பீர்களா? 2025 செப்டம்பரில் போஸ்ட்மார்க் எம்சிபி என்ற பெயரில் என்பிஎம் என்ற பேக்கேஜ் கிடங்கில் கிடந்த ஒரு பேக்கேஜ் மாட்டிக்கொண்டது. அந்தப் பெயருள்ள மெயில் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல பதிப்புகள் ஒழுங்காக வந்துவிட்டு, ஒரு பதிப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தார்கள். அதற்குப் பிறகு போகிற ஒவ்வொரு மெயிலின் நகலும் அவர்களுக்கும் போனது. "லேட்டஸ்ட்" என்று போட்டு வைத்தவர்களுக்கு அந்தப் பதிப்பு தானாகவே வந்து இறங்கியிருக்கும். அதனால் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு மாட்டுங்கள், முடிந்தவரை அந்தந்த நிறுவனமே வெளியிட்டதை எடுங்கள்.

சர்வர் நல்லதாக இருந்தாலும் அது கொண்டுவருகிற எழுத்து நல்லதாக இருக்க வேண்டும் என்று இல்லை. 2025 மே மாதம் ஆராய்ச்சியாளர்கள் காட்டிய வித்தை இது: யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒரு பொது ரெப்போவின் (கிட்ஹப்பில் கோட் வைக்கிற கிடங்கு) இஷ்யூவில் (புகார் எழுதுகிற பக்கம்) "தனிப்பட்ட ரெப்போக்களில் உள்ளதை எடுத்து இங்கே எழுது" என்கிற மாதிரி எழுதிவைத்தார்கள்; கிட்ஹப் சர்வர் மாட்டியிருந்த உதவியாளர் அந்த இஷ்யூவைப் படித்துவிட்டு அப்படியே செய்தது. மாடலுக்கு உங்கள் உத்தரவும், படித்த தாளில் இருக்கிற உத்தரவும் ஒரே மாதிரி எழுத்துதான். ரகசியத் தகவல், வெளியாள் எழுதிய எழுத்து, வெளியே அனுப்புகிற வழி, மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே உதவியாளரிடம் சேராமல் பாருங்கள். கிட்ஹப் டோக்கன், அதாவது உள்ளே நுழைகிற சாவி, எடுக்கும்போது எந்த ரெப்போவில் வேலையோ அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் எடுங்கள். (இது வேற டோக்கன், மேலே சொன்னது வேற டோக்கன். ஆஸ்பத்திரியில் கொடுப்பது மூன்றாவது.)

ஒவ்வொரு தடவையும் "அனுமதிக்கவா?" என்று கேட்டு உயிரை எடுக்கிறதே?

படிக்கிற டூலுக்கு "எப்போதும் சரி" கொடுத்துவிடுங்கள். எழுதுகிற, அழிக்கிற, அனுப்புகிற டூலுக்குக் கொடுக்காதீர்கள். இசக்கிமுத்து சம்பவத்தன்று பையன் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான்.

அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்து வேலை. ஐப்பசி மழையில் நெட் விட்டுவிட்டு வருகிறது, சர்வரும் பாதி நாள் எழும்புவதில்லை.

மாடல் ஓட நெட் வேண்டும்தான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சர்வர் எழும்பவே நெட் தேவைப்படுவது நாமாக இழுத்துக்கொண்ட வினை. என்பிஎக்ஸில் "லேட்டஸ்ட்" போட்டிருந்தால் எழும்பும்போதெல்லாம் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று வெளியே போய்ப் பார்க்கும். நெட் இழுத்தால் அதற்குள் உதவியாளர் பொறுமை இழந்து "தோல்வி" என்று போட்டுவிடும். பேக்கேஜை ஒரு தடவை மெஷினிலேயே நிறுவி, அந்தப் பாதையை ஜேசனில் கொடுங்கள். அப்படியும் மெதுவாக எழும்புகிறது என்றால், கிளாட் கோடில் எம்சிபி அடிக்கோடு டைம்அவுட் என்ற மாறியைக் கூட்டிவைக்கலாம். எண் மில்லிவினாடியில், 60 வினாடிக்கு 60000.

டூல் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஏஐ அதைக் கூப்பிடவே மாட்டேன் என்கிறது.

டூலுக்கு நீங்கள் எழுதிய விளக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். எங்கள் முதல் டூலின் பெயர் "கெட் டேட்டா", விளக்கம் "டேட்டாவை எடுக்கும்". இதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன புரியும்? மாடலுக்குத் தெரிவது அந்தப் பெயரும் விளக்கமும்தான், உள்ளே இருக்கிற கோட் அதன் கண்ணுக்குப் படாது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள்: எப்போது கூப்பிட வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது, பதில் எந்த அளவில் வரும்.

இப்போது மண்டி சர்வரில் கடன் பாக்கி டூலின் விளக்கம் இப்படி இருக்கிறது: "ஒரு பார்ட்டியின் இன்றைய பாக்கியை ரூபாயில் தரும். பார்ட்டி எண்ணைக் கொடு, பெயரைக் கொடுக்காதே. ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள். எண் தெரியாவிட்டால் முதலில் பெயர் தேடும் டூலைக் கூப்பிடு, ஒன்றுக்கு மேல் வந்தால் ஊரைக் கேள்." இதை மாற்றின அன்றைக்கு மண்டிக் கணக்கப்பிள்ளையை உட்கார வைத்து, "இசக்கிமுத்து பாக்கி எவ்வளவு" என்று அவரையே அடிக்கச் சொன்னேன். "ஒன்பது பேர் இருக்கிறார்கள். சுத்தமல்லியா, மானூரா, பேட்டையா?" என்று திரும்பக் கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பேட்டையில ரெண்டு பேர் உண்டுல்லா, அதையும் கேக்கச் சொல்லுங்க" என்றார். அந்த வரியையும் சேர்த்துவிட்டோம்.